நாற்பத்தோராயிரம் மாடும் பத்து வரியும்

ஏலாக்குறிச்சியில் வெற்றிச்செல்வி பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. பெரம்பலூரில் ஆறரைக்கு ஏறி, அரியலூரில் மாறி, சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்து சேர்ந்திருந்தாள். உடம்பு அலுத்திருந்தாலும் மனசு தெம்பாகத்தான் இருந்தது. ஐந்து நிமிஷம் நின்று சொல்லிக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும், மத்தியான பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

அவள் வேலை பார்த்தது பெரம்பலூர் துறைமங்கலத்தில், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில். மொத்தமே எட்டுப் பேர். கொள்ளிடக் கரையோரப் பால் சங்கங்கள் சேர்ந்து நடத்திய கூட்டமைப்பு ஒன்றுக்கு அவர்கள் ஒரு ஆப் செய்து கொடுத்திருந்தார்கள். கோமாரி நோய்க்கு ஊசி போடும் வேலை தொடங்கி நாலு நாள் ஆகியிருந்தது. இருபத்தொரு நாளுக்குள் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் மாடுகளுக்கும் போட்டு முடித்தாக வேண்டும். பயிற்சி எடுத்த ஐம்பத்தெட்டுப் பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மாட்டின் காதிலும் பன்னிரண்டு இலக்க எண்ணோடு ஒரு மஞ்சள் வில்லை தொங்கும். ஊசி போட்டதும் ஆப்பில் உள்ள பட்டியலில் அந்த மாட்டைக் கண்டுபிடித்து எதிரே ஒரு டிக் போட வேண்டும். அந்தப் பட்டியல் பக்கத்தை எழுதியவள் வெற்றிச்செல்வி.

இரண்டாம் நாளே புகார் வர ஆரம்பித்தது. எல்லாரும் ஒன்றையேதான் சொன்னார்கள்: லிஸ்ட் வரல. போனை அணைத்துப் போடச் சொன்னாள். மறுபடி இறக்கிக்கொள்ளச் சொன்னாள். கடைசியில் நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டாள்.

மாதா கோயிலுக்குப் பின்தெருவில், ஊசி போடும் பெண்களில் ஒருத்தியான சாந்தி மேரி அவளுக்காகக் காத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். தோளில் ஐஸ் போட்ட மருந்துப் பெட்டி, கையில் ஓரம் உடைந்த ஒரு போன்.

"நீங்கதான் ஆப்பு செஞ்ச மேடமா?"

"ஆமாங்க. எங்க, ஒரு தடவை தொறந்து காட்டுங்க. எதையாவது மாத்தி அமுத்திருப்பீங்க."

சாந்தி மேரி ஆப்பைத் திறந்தாள். பட்டியலைத் தொட்டாள். திரை வெள்ளையானது. போனைத் திண்ணை மேல் வைத்துவிட்டு, எதிர்வீட்டுக் கொட்டகைக்குள் போனாள். மாட்டுக்காரரை மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, மருந்தை ஏற்றி, கழுத்தில் ஊசி போட்டு, ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிட்டு, அவர்கள் கொடுத்த மோரையும் குடித்துவிட்டு வந்தாள். திரை இன்னும் வெள்ளையாகவே இருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு அது ஒருமுறை மினுக்கி, தானாக மூடிக்கொண்டது.

"சரியாத்தானங்க அமுத்துனேன்?" என்றாள் சாந்தி மேரி.

வெற்றிச்செல்விக்குக் காது சுட்டது. சாந்தி மேரி சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு இடது கையை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் நீலப் பேனாவில் எண்களை வரிசையாக எழுதியிருந்தாள்.

"சாயங்காலம் வூட்டுக்குப் போயி எம் மவ போன்ல ஏத்துறேன். அது கொஞ்சம் பெரிய போனு. அதுலயும் பாதி நேரம் இப்படித்தான். முந்தாநேத்து மழையில மாட்டிக்கிட்டேன், பதினோரு நம்பர் அழிஞ்சு போச்சு. எந்த மாட்டுக்குப் போட்டேன், எதுக்குப் போடலன்னு இப்ப எனக்கே தெரியாது. கேட்டா போனை மாத்துங்கன்னு சொல்றாங்க. இது வாங்கி ஒன்றரை வருசந்தான் ஆவுது."

வெற்றிச்செல்வி மத்தியான பஸ்ஸை மறந்தாள். சாந்தி மேரி பின்னாலேயே ஏழு வீடு நடந்தாள். வில்லையில் சாணியும் சேறும் அப்பி எண் பாதி தெரியாமல் இருக்கும். அப்போது மாட்டுக்காரர் பெயரையும் மாட்டின் முகப் படத்தையும் பார்த்து, பட்டியலைத் தள்ளிக்கொண்டே போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஊர்வாரியாகப் பிரித்துக் கொடுக்கவும் வழியில்லை. சந்தையில் விற்ற மாடு, மகளுக்குச் சீராக ஓட்டிவிட்ட மாடு என்று எங்கெங்கோ மாறிப் போயிருக்கும். ஆக, மொத்தப் பட்டியலும் எல்லார் கையிலும் இருந்தே ஆக வேண்டும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

ஏழாவது வீட்டு வாசலில் நிற்கும்போது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தப் பக்கத்தை எழுதியபோது கற்பனையாக ஐம்பது மாடுகளைப் போட்டு, ஆபீசில் இருந்த நல்ல போனில் ஓட்டிப் பார்த்தாள். ஓடியது. திரையில் ஒரே நேரத்தில் தெரிவது ஏழு வரி. அந்த ஏழைக் காட்டுவதற்கு முன்னால், அவள் எழுதிய பக்கம் நாற்பத்தோராயிரம் வரியையும் பெயரோடும் படத்தோடும் செய்து அடுக்கி முடிக்கப் பார்த்தது. ஐம்பதுக்கு அது தெரியவில்லை. இந்தச் சின்னப் போன் மூச்சு முட்டிச் செத்துப் போகிறது. சரியான முறை எதுவென்று அவளுக்கு அப்போதே தெரியும். தேதி நெருங்குகிறது, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

"அக்கா, ஒரு உதவி பண்ணுங்க. இந்தப் போனை எனக்குத் திங்கக்கிழமை வரைக்கும் குடுங்க. என்னோடத நீங்க வச்சுக்கங்க. சிம்மை மாத்திக்குவோம்."

சாந்தி மேரி அவளுடைய பளபளக்கும் போனையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "கீழ போட்டுட்டா?"

"போட்டா போவட்டும்."

அன்று மூன்று மணிக்கு அரியலூரில் கூட்டமைப்பின் ஆபீசில் அவசரக் கூட்டம் கூட்டியிருந்தார்கள். மேலாளர் சிவசுப்பிரமணியன் சாருக்கு எதிரே, வெற்றிச்செல்வியின் முதலாளி சகாய ஆனந்த் பைக்கில் வந்து முன்னதாகவே உட்கார்ந்திருந்தார். வரதராஜன்பேட்டைக்காரர், பதறினால் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். அவள் உள்ளே நுழையும்போது நுனியில்தான் இருந்தார். சுவரோரமாகப் புது நோட்டுகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன.

"பிரச்சினை போன்லதான் சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார் சகாய ஆனந்த். "அவங்க வச்சிருக்கிறது எல்லாமே அடிமாட்டு வெலை போனு. இத்தனை பெரிய லிஸ்ட்ட அது தாங்காது."

"அப்ப ஐம்பத்தெட்டுப் பேரும் புதுப் போன் வாங்கணும், இல்ல நோட்டுல எழுதணும்," என்றார் சிவசுப்பிரமணியன். "நோட்டு அச்சடிச்சு வந்தாச்சு."

வெற்றிச்செல்வி உட்காரவில்லை. "சார், போன் மேல தப்பு இல்லைங்க. நான் எழுதுனதுதான் தப்பு."

சகாய ஆனந்த் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"என்னம்மா சொல்ற?" என்றார் சிவசுப்பிரமணியன்.

"கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தாலும், ஒரு பந்திக்கு எத்தனை பேர் உக்கார முடியுமோ அத்தனை இலைதான சார் போடுவாங்க. நான் ஆயிரம் பேருக்கும் இலை போட்டு முடிச்சிட்டுத்தான் மொத ஆளையே உள்ள விடுறேன். மண்டபமும் தாங்கல, வந்தவங்களும் வாசல்லயே நிக்கிறாங்க. பெஞ்சு பத்து இருந்தாப் போதும். ஒருத்தர் எந்திரிச்சதும் அதே பெஞ்சுல இலையை மாத்திப் போட்டு அடுத்தவங்களை உக்கார வைக்கணும். அப்படி எழுதியிருக்கணும். எழுதல."

சிவசுப்பிரமணியன் அவளை நிமிர்ந்து பார்த்தார். தப்பு என்னுடையது என்று அந்த அறையில் யாரும் அண்மையில் சொல்லிக் கேட்டிராத முகம் அவருக்கு. "திங்கக்கிழமை பத்து மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருக்கேன், நோட்டு குடுக்க. அதுக்குள்ள செஞ்சு காட்டு. இல்லைன்னா நோட்டுதான்."

வெளியே வந்து பைக் சாவியைத் தேடிக்கொண்டே சகாய ஆனந்த் கேட்டார். "ஏன் செல்வி, நாமளே எடுத்து நம்ம தலையில போட்டுக்கணுமா?"

"அந்தக்காவோட கையைப் பாத்திருந்தா நீங்களும் சொல்லியிருப்பீங்க சார்."

அவர் வண்டியை உதைத்தார். அது கிளம்பியதும், "நாளைக்கு வேற எந்த வேலையையும் தொடாத," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை அவள் பழைய பக்கத்தை முழுசாக அழித்தாள். திருத்திப் பார்க்கலாமே என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. புதிதாக எழுதியதில் மாடுகளைக் காட்ட மொத்தமே பத்து வரிகள்தான். ஏழு திரையில் இருக்கும். விரலை வேகமாக இழுத்தால் வெற்றிடம் தெரியாமலிருக்க மேலும் கீழும் சேர்த்து மூன்று. மேலே போய் மறைகிற வரி, சத்தமில்லாமல் கீழே வந்து அடுத்த மாட்டின் பெயரைப் போட்டுக்கொண்டு ஏறிவரும். பட்டியல் எத்தனை நீளமாக இருந்தாலும் போன் சுமப்பது பத்து வரியை மட்டும். படமும் அப்படித்தான், கண்ணுக்கு வரும் மாட்டின் படத்தை மட்டும், அதுவும் திரைக்குத் தேவையான அளவுக்குச் சுருக்கி எடுத்தாள்.

நாலு மணிக்கு, டிக் எதுவும் கூட்டமைப்பின் கணக்கில் ஏறாதபடி சோதனைக்கென்று சாந்தி மேரியின் போனில் ஏற்றித் தொட்டாள். விரலை எடுப்பதற்குள் பட்டியல் வந்து நின்றது. அவளுக்கே நம்பிக்கை வராமல் மூடித் திறந்தாள். மறுபடி வந்தது. விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். மாடுகள் ஆற்று வெள்ளம் மாதிரி ஓடின. ஆபீஸ் முழுக்க வந்து அவள் நாற்காலியைச் சுற்றி நின்றது. போன் கைக்குக் கை மாறியது. சகாய ஆனந்த் கீழே போய் எல்லாருக்கும் வடை வாங்கி வந்தார்.

சனிக்கிழமை அவள் வீட்டில் இருந்தாள். ரஞ்சன்குடிக்கு அடுத்த ஊர். ஒரு தலைமுறைக்கு முன்பு வரை சொந்தமாக ஒரு சாண் நிலமில்லாமல் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பம். இப்போது அப்பா அரியமுத்து கட்டட மேஸ்திரி. அம்மா மலர்க்கொடி இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றினாள். மகள் ஒரு போனில் மாட்டுப் படமாகத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"குடு, நானும் பாக்குறேன்."

மலர்க்கொடி மாடுகளை ரசித்துப் பார்த்துக்கொண்டே போனாள். இது நல்ல கறவை, இதற்குத் தீனி பற்றாது, இந்தக் கன்று தேறாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருந்தாள். திடீரென்று விரலை நிறுத்தினாள்.

"ஏ புள்ள, எருமைன்னு எழுதிட்டு செவலைப் பசு படத்தைப் போட்டுருக்க."

"படம் வர கொஞ்ச நேரம் ஆவும்மா."

"அதில்ல. இந்தச் செவலையை நான் இப்பத்தான் மேல பாத்தேன். அதுவே திரும்பி வந்து எருமையில உக்காந்துருக்கு. இரு, இதென்ன? நான் தெரியாம ஒரு மாட்டுக்கு டிக்கு போட்டுட்டேன். கீழ போவப் போவ இன்னும் ரெண்டு மாட்டுக்கு விழுந்துருக்கே."

வெற்றிச்செல்வி போனை வாங்கினாள். ஒரு மாட்டுக்கு டிக் போட்டுப் பட்டியலைத் தள்ளினாள். பத்து வரி தாண்டி, தொடாத மாடு ஒன்று டிக்கோடு ஏறி வந்தது. இன்னும் பத்து வரி தாண்டி இன்னொன்று.

ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறாள்; ஆனால் முந்தின மாட்டின் மிச்சத்தை அதிலிருந்து துடைக்கவில்லை. இலையை எடுக்காமலே அடுத்த ஆளை உட்கார வைத்திருந்தாள்.

சகாய ஆனந்துக்குப் போன் செய்து சொன்னாள். அவர் பெருமூச்சு விட்டார். "எப்பவாவதுதான வருது? திங்கக்கிழமை இதையே காட்டிடுவோம். வேகம்தான் அவங்களுக்கு வேணும். அப்புறம் திருத்திக்கலாம்."

"அப்புறம்னு விட்டுத்தான் சார் மொத தடவை இந்த நெலமை. ஊசி போடாத மாட்டுக்கு டிக் விழுந்தா அந்த மாட்டை யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. பழைய ஆப்பு வெள்ளையா நின்னுச்சு, வேலை செய்யலன்னாவது தெரிஞ்சுது. இது வேகமா வந்து பொய் சொல்லும். நான் குடுக்க மாட்டேன்."

"எவ்வளவு நேரம் வேணும்?"

"நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மடியில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். டிக்கை வரியிலிருந்து பிடுங்கி மாட்டின் எண்ணோடு கட்டினாள். இனி வரி எத்தனை தடவை ஆள் மாறினாலும் டிக் அந்த எண்ணை விட்டு நகராது. வரி கீழே வந்ததும் முதல் வேலையாகப் பெயர், படம், டிக் மூன்றையும் துடைத்துவிட்டு ஏறும்படி செய்தாள். படம்தான் தண்ணி காட்டியது. ஒரு மாட்டுக்குக் கேட்ட படம் தாமதமாக வந்து சேரும்போது அந்த வரியில் வேறு மாடு இருந்தது. கடைசியில், வருகிற படம் ஒவ்வொன்றும் எந்த எண்ணுக்காகக் கிளம்பியதோ அந்த எண் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே நுழைய வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும் என்று எழுதினாள்.

மூன்று மணிக்குப் போனை அம்மா கையில் கொடுத்தாள். "தப்பு கண்டுபிடிம்மா."

மலர்க்கொடி எருமைக்குத் தண்ணி காட்டுகிற நேரம் வரும் வரை தள்ளினாள். மேலே போனாள், கீழே போனாள், டிக் போட்டாள், எடுத்தாள், சட்டென்று இழுத்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தாள். கடைசியில் போனை நீட்டியபோது முகத்தில் ஏமாற்றம் இருந்தது.

"ஒண்ணும் கெடைக்கலயே."

வெற்றிச்செல்வி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மலர்க்கொடிக்கு எதற்கென்று புரியவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அரியலூர் ஆபீசின் கூடம் நிறைந்திருந்தது. ஐம்பத்தெட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். நோட்டுகள் மேசைக்கு வந்துவிட்டன. சிவசுப்பிரமணியன் கடிகாரத்தைப் பார்த்தார். வெற்றிச்செல்வி சாந்தி மேரியிடம் அவளுடைய போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நீங்களே தொறங்க அக்கா."

சாந்தி மேரி பட்டியலைத் தொட்டாள். தொட்டவுடன், வழக்கம்போலப் போனைக் கீழே வைக்கப் போனவள் கையை நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் நின்ற பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "வந்துட்டுதுடி," என்றாள்.

சிவசுப்பிரமணியன் எழுந்து வந்தார். "கடைசி மாட்டைக் காட்டுங்க."

சாந்தி மேரி ஓரத்தில் இருந்த பட்டையைப் பிடித்து அடிவரைக்கும் இழுத்தாள். நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாவது மாடு, நெற்றிச் சுட்டியோடு நின்றது.

"இப்ப நடுவுல எங்கயாவது பத்து மாட்டுக்கு டிக் போடுங்க. நம்பரை நான் எழுதிக்கிறேன்."

அவர் ஒரு நோட்டைப் பிரித்து அதன் முதல் பக்கத்திலேயே எழுதினார். பிறகு போனைத் தன் கையில் வாங்கி, முரட்டுத்தனமாக மேலும் கீழும் சுழற்றினார். அணைத்துப் போட்டார். திறந்தார். பத்து எண்ணையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். பத்தும் இருந்தன. பதினொன்றாவதாக ஒன்று எங்கேயாவது இருக்கிறதா என்று வெகுநேரம் தேடினார். இல்லை. சகாய ஆனந்த் நாற்காலி நுனியிலிருந்து மெல்லப் பின்னால் சாய்ந்தார்.

சிவசுப்பிரமணியன் அந்த நோட்டை மூடினார். "இதையெல்லாம் எடுத்துக் குடோன்ல வைங்க," என்று ஆபீஸ் உதவியாளரிடம் சொன்னார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "போன் மாத்த வேண்டாம். இருக்கிறதே போதும்."

கைதட்டல் முன்வரிசையில் தொடங்கிக் கூடம் முழுக்கப் பரவியது. வெற்றிச்செல்விக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவள் ஒவ்வொரு வரிசையாகப் போய் ஐம்பத்தெட்டுப் போனிலும் புது ஆப்பை ஏற்றிக் கொடுத்தாள். கீறல் விழுந்தது, பின்மூடி ரப்பரால் கட்டியது, பாதித் திரை மங்கியது என்று எல்லாவற்றிலும் பட்டியல் தொட்டவுடன் வந்தது. "பதினோரு மணி பஸ்ஸுக்குப் போயிட்டா இன்னைக்கே எங்க ஊர்ல ஒரு தெருவ முடிச்சிடலாம்," என்று யாரோ சொல்ல, கூடம் பத்து நிமிஷத்தில் காலியானது.

அதற்குப் பிறகு பதிவுகள் வந்த வேகத்தை ஆபீசில் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். முன்னே நாளுக்கு எழுநூறு தாண்டாதது, அன்று மாலைக்குள் ஆயிரத்தைத் தொட்டது. வாரக் கடைசியில் நாலாயிரத்தைத் தாண்டியது. சாந்தி மேரி அழிந்துபோன பதினோரு மாட்டையும் மாட்டுக்காரர்களிடம் விசாரித்து, படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். கெடுவுக்கு ஒரு நாள் முன்பு, இருபதாம் நாள் காலையில், சிவசுப்பிரமணியனே வெற்றிச்செல்வியைக் கூப்பிட்டார்.

"இன்னும் ஒரே ஒரு மாடு பாக்கி. திருமானூர் பக்கம், ஆத்தங்கரையில. நீ வாம்மா, நாங்க எல்லாரும் அங்கதான் இருக்கோம்."

அவள் போய்ச் சேர்ந்தபோது கரையில் சின்னத் திருவிழாக் கூட்டமே இருந்தது. வைரக்கண்ணு என்பவருடைய காளை. ஊசிப் பெட்டியைப் பார்த்தாலே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுமாம். மூன்று நாளாக ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. இன்று நாலு பேர் சேர்ந்து அதைத் தென்னை மரத்தோடு கட்டியிருந்தார்கள். சாந்தி மேரி பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, அதோடு பேசிக்கொண்டே பக்கவாட்டில் போனாள். காளை தலையைத் திருப்புவதற்குள் வேலை முடிந்தது. அது ஒரு முறை உறுமியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"டிக்க நீ போடு தங்கச்சி," என்று சாந்தி மேரி போனை நீட்டினாள்.

ஊசி போட வேண்டிய மாடுகளை மட்டும் காட்டும் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. கறுத்த முகம், அகன்ற கொம்பு. வெற்றிச்செல்வி எண்ணைச் சரிபார்த்தாள். தொட்டாள். வரி மறைந்தது.

வெறும் திரையில் ஒரு வாசகம் எழும்பியது: 'பாக்கி எதுவும் இல்லை.'

பட்டியல் காலியானால் காட்டுவதற்கென்று அவளே எழுதி வைத்தது. எழுதிய நாளிலிருந்து இன்று வரை அவள் அதைப் பார்த்ததே இல்லை. போனை உயரத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள். சிவசுப்பிரமணியன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். பின்னால் காளையை அவிழ்த்துவிட்டார்கள்; அது மண்ணை வாரி இறைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடியது.